தண்ணீர் கேட்காது, இடம் கேட்கும்

இந்தப் பகுதிக்கு வரும் கேள்விகளில் ஒன்று மட்டும் மாதத்துக்கு இரண்டு முறையாவது வந்துவிடும். "அக்கா, நாங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போறோம். தண்ணி ஊத்த நேரமில்ல. ஊத்தலன்னாலும் சாகாத மரம் ஒண்ணு சொல்லுங்க. சாப்பிட ஏதாச்சும் குடுத்தா இன்னும் நல்லது."

முருங்கை என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடலாம். முருங்கைக்கு அந்தத் தகுதி உண்டு. ஆனால் அது இந்தியாவிலிருந்து வந்த மரம். முந்திரி இங்கேயே பிறந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அதன் சொந்த ஊர் பிரேசில். இந்த மண்ணுக்கே உரிய, வெயிலுக்கு அசையாத, தின்னக் கொட்டையும் கொடுக்கிற மரம் ஒன்றைத் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். அதை உணவு தரும் மரமாக மட்டும் நாம் நினைப்பதில்லை. கெத்தாப்பாங் மரத்தைத்தான் சொல்கிறேன்.

போர்ட்டிக்சனுக்கோ மோரிப்புக்கோ போயிருப்பவர்களுக்கு அடையாளம் சொல்ல வேண்டியதில்லை. நடுத்தண்டு நேராக மேலே போகும். அதிலிருந்து கிளைகள் வட்டமாக, தரைக்குச் சமமாக, அடுக்கடுக்காக விரியும். ஒரு குடைக்கு மேல் இன்னொரு குடை வைத்ததுபோல் இருக்கும். இலை நம் உள்ளங்கையைவிடப் பெரிது. நுனியில் அகன்று காம்பை நோக்கிக் குறுகும். கடற்கரையில் கார் நிறுத்த நிழல் தேடும் எல்லாரும் கடைசியில் இதன் கீழேதான் நிறுத்துகிறார்கள்.

தமிழ்நாட்டில் இதை நாட்டு வாதுமை என்றும் பாதாம் மரம் என்றும் சொல்வார்கள். அங்கே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு வாதாங்கொட்டை என்றால் தெரியும். கடையில் விற்கும் பாதாமுக்கும் இதற்கும் உறவில்லை. அந்தப் பாதாம் குளிர்காலம் உள்ள நாட்டில்தான் காய்க்கும். நம் தட்பவெப்பத்தில் அதை வைத்துப் பயனில்லை. யாராவது "பொக்கோக் பாடாம்" என்று கன்று விற்றால், இலையைப் பாருங்கள். பெரும்பாலும் அது கெத்தாப்பாங்காகவே இருக்கும். ஏமாந்துவிட்டோம் என்று வருந்த வேண்டாம், நம் ஊருக்கு இதுதான் சரி.

தாவரவியலில் இதன் பெயர் டெர்மினாலியா கட்டாப்பா. அந்தக் 'கட்டாப்பா' நம் மலாய்ச் சொல்லான கெத்தாப்பாங்கிலிருந்து போனதுதான். சுவீடன் நாட்டு லின்னேயஸ் 1767-இல் பெயர் வைத்தபோது உள்ளூர்ச் சொல்லையே எடுத்துக்கொண்டார். நமக்கு இன்னொரு உறவும் உண்டு. கடுக்காய், தான்றிக்காய், மருதமரம் மூன்றும் இதே டெர்மினாலியா இனத்தைச் சேர்ந்தவை. பாட்டி வீட்டுத் திரிபலாப் பொடியில் நெல்லியைத் தவிர மற்ற இரண்டும் கெத்தாப்பாங்குக்கு ஒன்றுவிட்ட அண்ணன் தம்பி. அந்தத் துவர்ப்பு இதன் பழத்திலும் இருக்கும்.

நர்சரிக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கொண்டோமினியம் வாசல்களிலும் புதுச் சாலையோரங்களிலும் நட்டிருக்கும் பொடி இலை மரம் வேறு. அதுவும் அடுக்கடுக்காகத்தான் வளரும், பார்க்க இதைவிட நறுவிசாகவும் இருக்கும். அது மடகாஸ்கர் தீவிலிருந்து வந்த இனம். சில கடைகளில் வெள்ளை ஓரம் போட்ட இலையோடு விற்பார்கள். அலங்காரத்துக்கு நல்லது, தின்பதற்கான கொட்டை அதில் கிடைக்காது. சுங்கை பூலோ நர்சரி வரிசையில் கேட்டால் பத்துக் கடையில் எட்டில் அதைத்தான் காட்டுவார்கள். பெரிய இலைக் கெத்தாப்பாங்கைக் காசு கொடுத்து வாங்க ஆளில்லை என்று நினைக்கிறார்கள் போலும்.

சரி, தண்ணீர் விஷயத்துக்கு வருவோம். 1998-இலும் 2014-இலும் கிள்ளான் பள்ளத்தாக்கில் இருந்தவர்கள் நீர்ப் பங்கீட்டை மறந்திருக்க மாட்டார்கள். வாளிகளும் வரிசைகளுமாகப் போன வாரங்கள் அவை. அதே 2014-இல் சிங்கப்பூரும் பதிவேட்டில் 1869 முதல் இல்லாத அளவுக்கு வறண்ட பிப்ரவரியைப் பார்த்தது. பெர்லிஸ், கெடா பக்கம் ஆண்டுத் தொடக்கத்தில் மழையில்லாத வாரங்கள் வருவது வழக்கமானதுதான். நம் நாட்டில் மழைக்குப் பஞ்சமில்லை என்பது ஆண்டுக் கணக்குக்குச் சரி. செடிக்கு ஆண்டுக் கணக்கு உதவாது. மூன்று வாரம் தொடர்ந்து வெயில் அடித்தால் சிமெண்டுக்கு நடுவே இரண்டடி மண்ணில் நிற்கும் செடி செத்துப்போகும்.

கெத்தாப்பாங் கடற்கரையில் வளர்ந்து பழகிய மரம். மணலில் தண்ணீர் தங்காது, காற்றில் உப்பு, மேலே நாள் முழுக்க வெயில். அதற்கு அது கண்ட வழி எளிமையானது. இலை தடிப்பு. வறட்சி நீண்டால் இலையையே உதிர்த்துவிடும். இலை இல்லாவிட்டால் நீர் ஆவியாகும் வழியும் அடைபட்டுப் போகும். உதிர்வதற்கு முன் இலையில் உள்ள சத்தை மரம் உள்ளே இழுத்துக்கொள்கிறது, பச்சை போய்ச் சிவப்பும் மஞ்சளும் தெரிகின்றன. நம் நாட்டில் இலையுதிர்காலம் பார்க்க வேண்டுமென்றால் இந்த மரத்தடியில்தான் பார்க்க வேண்டும். பெரும்பாலும் ஆண்டுக்கு இரண்டு முறை இப்படி நடக்கும். இது தெரியாத சிலர் மரம் சாகிறது என்று பயந்து குழாயைத் திறந்துவிட்டு வேரை ஊறவைக்கிறார்கள். வேண்டாம். இலை சிவந்தால் மரம் தன் வேலையைப் பார்க்கிறது என்று அர்த்தம். சில நாட்களில் மெழுகு பூசியதுபோல் புதுத் துளிர் வந்துவிடும்.

இனி கொட்டை. பழம் இரண்டு அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட நீளம், பக்கவாட்டில் ஒரு விளிம்பு ஓடும். பச்சையாக இருந்து மஞ்சளோ சிவப்போ ஆகும். மேல் சதையைச் சாப்பிடலாம். புளிப்பும் துவர்ப்பும் கலந்து நாராக இருக்கும். சில மரத்தில் இனிப்பு உண்டு. வௌவால்களுக்கு இதன்மேல் ஆசை அதிகம். சதையைத் தின்றுவிட்டுக் கொட்டையை எங்கேயோ போட்டுவிட்டுப் போகும். அதற்குள்ளே தக்கைபோல ஒரு நார் உறை, அதற்கும் உள்ளே கெட்டியான ஓடு, அதற்குள்தான் பருப்பு. மெலிந்த, வெள்ளைப் பருப்பு. உற்றுப் பார்த்தால் பாயைச் சுருட்டி வைத்ததுபோல் இருக்கும். மரம் தன் முதல் இரண்டு இலைகளை அப்படிச் சுருட்டி வைத்திருக்கிறது. பருப்பின் எடையில் ஏறக்குறைய பாதி எண்ணெய். ருசி பாதாமுக்கும் நிலக்கடலைக்கும் நடுவில், கசப்பில்லாமல் இருக்கும்.

உடைப்பதுதான் வேலை. புதுப் பழத்தை உடைக்க முயன்றால் நசுங்கிப் போகும். சதையை நீக்கி இரண்டு வாரம் வெயிலில் காயவிட வேண்டும். பிறகு கொட்டையை விளிம்பு மேலே இருக்கும்படி நிறுத்தி, அந்த விளிம்பில் சுத்தியலால் ஒரு தட்டு. படுக்க வைத்து அடித்தால் ஓடும் பருப்பும் சேர்ந்து மாவாகும். பிள்ளைகளை உட்கார வைத்தால் ஒரு மணி நேரம் கைப்பேசி கேட்க மாட்டார்கள்; விரலைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். நூறு கொட்டை உடைத்தால் ஒரு சின்னக் கிண்ணம் நிறையும். இதை வைத்துக் கடை போட முடியாது. லேசாக வறுத்துப் பாயசத்தில் முந்திரிக்குப் பதில் போடலாம். குருமாவுக்கு அரைக்கலாம். எண்ணெய் மிகுந்ததால் சீக்கிரம் சிக்கு வாடை வரும். மிஞ்சியதைக் குளிர்பெட்டியில் வையுங்கள். மற்றக் கொட்டைகள் ஒத்துக்கொள்ளாத பிள்ளைகளுக்கு இதையும் கொடுக்க வேண்டாம்.

ஓர் எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். நம் அடுப்படியில் இருக்கும் புவா கெராசும் இந்த வட்டாரத்துக் கொட்டைதான். அதைப் பச்சையாகத் தின்னக் கூடாது. வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். கெத்தாப்பாங் பருப்பைப் பச்சையாகவே தின்னலாம். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

பசிபிக் தீவான வனுவாத்துவில் கெத்தாப்பாங் பருப்பைச் சந்தையில் விற்கிறார்கள். பெரிய பருப்பும் உடைக்க எளிதான ஓடும் உள்ள மரங்களைத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்த்த மக்கள் அவர்கள். ஜக்கார்த்தாவின் பெத்தாவி மக்களிடம் 'பீஜி கெத்தாப்பாங்' என்று ஒரு பெருநாள் பலகாரம் உண்டு. அதில் இந்தக் கொட்டை துளியும் கிடையாது. மாவைக் கொட்டை வடிவத்தில் வெட்டிப் பொரிக்கிறார்கள், அவ்வளவுதான். கொட்டையின் உருவம் சமையலறைக்குள் போய்விட்டது, கொட்டை வெளியே நடைபாதையில் கிடக்கிறது.

இவ்வளவும் படித்துவிட்டு இன்றே போய் ஒன்றை நட்டுவிடலாம் என்று நினைக்கிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். அண்மையில் கிள்ளானுக்கு அருகே ஒரு தாமானில் ஒரு குடும்பத்தைப் பார்க்கப் போனேன். மருமகள்தான் எழுதியிருந்தார். "அக்கா, எங்க வீட்டுல ஒரு மரத்தால சண்டை. நீங்க வந்து சொன்னா மாமா கேப்பாங்க."

முனை வீடு. வாங்கி மூன்று ஆண்டு. பக்கவாட்டில் முக்கோணமாக ஒரு நிலம். வீட்டோடு ஒட்டிய பக்கம் குறுகல், கோடியில் நாற்பதடி அகலம். கார் நிறுத்தும் கூரையின் தூணுக்கு நாலடி தள்ளி, லோங்காங் ஓரத்தில், என் நெஞ்சு உயரத்துக்கு ஒரு கெத்தாப்பாங் கன்று. யாரும் நடவில்லை. வௌவால் போட்ட கொட்டை. மூன்று அடுக்குக் கிளை வந்து அழகாக நின்றது.

மகனுக்கு அந்தப் பக்கம் முழுவதையும் சிமெண்டு போட வேண்டும். தம்பி வந்தால் மூன்றாவது கார் நிறுத்த இடம். மருமகளுக்குக் கைக்குழந்தை, இலை குப்பை, கொசு என்று பயம். மாமனாருக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. தோட்டத்தில் பால் வெட்டியவர். தோட்டம் விற்கப்பட்டு வீட்டைக் காலி செய்தபோது வெளியே வந்தவர்களில் ஒருவர். நான்கு நாள் தண்ணீர் நின்றபோது, துணி அலசிய தண்ணீரை வாளியில் பிடித்து இந்தக் கன்றுக்குத்தான் ஊற்றியிருக்கிறார். அதுதான் சண்டையின் தொடக்கம்.

"எங்க தோட்டத்துப் பள்ளிக்கூடத் திடல்ல ஒரு மரம் இருந்துச்சும்மா," என்றார். "கொட்டை உடைக்கிற கல்லுல நடுவுல குழியே விழுந்திருக்கும். எங்க அண்ணன் உடைச்ச கல்லுலதான் நானும் உடைச்சேன். அங்க இப்ப வீடு கட்டிட்டாங்க. கல்லு எங்கயோ மண்ணுக்குள்ள கிடக்கும்."

இதைக் கேட்டபின் அந்தக் கன்றை வெட்டச் சொல்வது எளிதாக இல்லை. ஆனாலும் அளவு நாடாவை எடுத்து எல்லாரையும் கூப்பிட்டு அளந்து காட்டினேன். கெத்தாப்பாங் காட்டில் 25 மீட்டருக்கு மேலும் போகும். வீட்டுப் பக்கம் பத்துப் பதினைந்து மீட்டரில் நின்றாலும், கிளை பக்கவாட்டில்தான் போகும் என்பதால் பத்து மீட்டர் அகலம் சாதாரணமாக வேண்டும். தூணுக்கு நாலடியில் அடிமரம் என்றால் ஒரு பக்கக் கிளை முழுக்கக் கூரைக்கு மேல். பெரிய இலை ஒன்று விழுந்தால் கூரைத் தண்ணீர்க் குழாயை அடைக்க அந்த ஒன்றே போதும். களிமண் நிலத்தில் வேர் மேலாகவே ஓடும். லோங்காங் சுவரையும் தரைக்கல்லையும் தூக்கும். அப்புறம் ஒரு நாள் கிரேன் வைத்துத்தான் வெட்ட வேண்டும். அன்றைக்கு மகனுக்குச் செலவு ஆயிரங்களில் போகும், மரமும் போய்விடும்.

ஐயா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நட்டது வௌவால். வெட்டச் சொல்றது நீங்க," என்றார்.

மகன் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை, அவர் சொன்னது சரிதான். ஆனால் நாற்பதடிக் கோடியைக் காட்டிக் கேட்டேன்: அங்கே ஒரு மரம் நின்றால் வீட்டுச் சுவருக்கு எட்டு மீட்டர், வேலிக்கு நாலு மீட்டர். மாலை வெயில் அந்தப் பக்கமிருந்துதான் படுக்கையறைச் சுவரில் அடிக்கிறது. பெரிதானதும் அந்தச் சுவருக்கு நிழல் விழும். மகன் முக்கோணத்தின் குறுகலான பாதிக்கு மட்டும் கல் பதிக்கட்டும், கோடியை மண்ணாக விடட்டும். கார் மூன்றும் நிற்கும். கன்றைப் பெயர்த்து அங்கே நடலாமே என்றார் மருமகள். நெஞ்சு உயரக் கன்றுக்கு ஆணிவேர் ஆழமாகப் போயிருக்கும், லோங்காங் அடியில் அதை முழுதாக எடுக்க முடியாது, பாதி வேரோடு எடுத்தால் பிழைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. கொட்டையிலிருந்து தொடங்குவதே நல்லது.

ஐயா ஒத்துக்கொண்டார், ஒரே நிபந்தனையில். புதுக் கொட்டை முளைக்கும்வரை பழைய கன்றை யாரும் தொடக் கூடாது. கல் பதிக்க வந்த ஆட்களையும் அதற்காகவே ஐந்து வாரம் தள்ளிப்போட வைத்தார்.

அந்த ஐந்து வாரத்தில் செய்ததை உங்களுக்கும் சொல்கிறேன். கீழே விழுந்து நன்றாகப் பழுத்த பழமாக எடுக்க வேண்டும். நன்றாகக் காய்க்கிற, பருப்புப் பெரிதாக உள்ள மரமாகப் பார்த்து எடுங்கள். அங்கேயே இரண்டை உடைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். பூச்சித் துளை இருந்தால் விட்டுவிடுங்கள். மற்ற விதைகளைத் தண்ணீரில் போட்டு மிதப்பதைத் தள்ளுவோமே, அந்தச் சோதனை இங்கே செல்லாது. தக்கை உறை இருப்பதால் நல்ல கொட்டையும் மிதக்கும். கடல் வழியாகத் தீவு தீவாக இந்த மரம் பரவியதே இந்த மிதப்பால்தான். ஓட்டை உடைக்காமல், சதையை மட்டும் நீக்கி, ஒரு நாள் ஊறவைத்து, மணல் கலந்த மண்ணில் பாதி புதையும்படி படுக்க வையுங்கள். எல்லாம் முளைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம், ஒன்று வேண்டுமென்றால் ஐந்தாறு போடுங்கள். மூன்றிலிருந்து ஆறு வாரத்துக்குள் முளை தெரியும். ஆணிவேர் சுருள்வதற்கு முன், ஒரு முழ உயரத்திலேயே நிலத்துக்கு மாற்றிவிடுவது நல்லது.

நாள் முழுக்க வெயில் விழும் இடம் வேண்டும். தண்ணீர் தேங்கும் பள்ளம் கூடாது. நம் தாமான் மண் பெரும்பாலும் குத்தகைக்காரர் கொட்டிய களிமண். அங்கே குழி தோண்டி நட்டால் குழியே தொட்டியாகிவிடும். தரையைக் கொத்திவிட்டு ஓரடி மேடாக மண் கூட்டி மேட்டின்மேல் நடுங்கள். உரம் அடிமரத்தில் படக் கூடாது. மேலே மின்கம்பி ஓடும் இடமென்றால் அந்த எண்ணத்தையே விட்டுவிடுங்கள். வேலிக்கு வெளியே சாலையோரப் புல்தரை உங்களுடையதல்ல. அங்கே நட நகராண்மைக் கழகத்தின் அனுமதி வேண்டும்.

தண்ணீர் கேட்காத மரம் என்று சொன்னேன், முதல் ஆண்டு மட்டும் அது பொருந்தாது. மழையில்லாத வாரங்களில் இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் ஒரு வாளி நிறைய, மெதுவாக ஊற்ற வேண்டும். தினமும் ஒரு குவளை தெளிப்பதால் வேர் மேலேயே தங்கிவிடும். ஆழமாக ஊற்றினால்தான் ஆழமாகப் போகும். அரிசி களைந்த தண்ணீர் போதும். இரண்டாம் ஆண்டிலிருந்து மழையே பார்த்துக்கொள்ளும். நல்ல இடத்தில் சில மரங்கள் மூன்றாம் ஆண்டிலேயே காய்க்கத் தொடங்கிவிடும்.

கத்தரிப்பதில் ஒரே ஒரு விதி. உச்சியை வெட்டாதீர்கள். உயரத்தைக் குறைக்கிறேன் என்று உச்சியைச் சீவியவர்கள் வீட்டில் அடுக்கு வடிவம் போய், துடைப்பத்தைத் தலைகீழாக நட்டதுபோல் ஒரு மரம் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். ஆள் நடமாட உயரம் வேண்டுமென்றால் கீழ் அடுக்கை ஆண்டுக்கு ஒன்றாக எடுங்கள்.

பெரிதான பிறகு வெட்டிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். 1976-ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தில் மரங்களுக்கென்று ஒரு பகுதி இருக்கிறது. சுற்றளவு 0.8 மீட்டருக்கு மேலான மரத்தை, காய்ந்துபோனது, உடனடி ஆபத்து போன்ற விதிவிலக்குகள் தவிர, ஊராட்சி மன்றத்தின் எழுத்துபூர்வ அனுமதியில்லாமல் வெட்டக் கூடாது. கோலாலம்பூருக்குத் தனித் திட்டமிடல் சட்டம் உண்டு. உங்கள் மரத்துக்கு என்ன விதி என்று ஊராட்சி மன்றத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கத்தியை எடுங்கள்.

மருமகளின் கொசுப் பயம் வெறும் சாக்கு இல்லை. காய்ந்த கெத்தாப்பாங் இலை கிண்ணம்போல் குழிந்து கிடக்கும். மழை பெய்தால் அதில் தண்ணீர் நிற்கும். ஏடிஸ் கொசுவுக்கு அவ்வளவு தண்ணீரும் ஒரு வாரமும் போதும். வீட்டு வளாகத்தில் ஜென்டிக் ஜென்டிக் கண்டுபிடிக்கப்பட்டால் அபராதம் உண்டு என்பதும் தெரிந்ததுதான். ஆகவே வாரம் ஒரு முறை கூட்டியே ஆக வேண்டும். அதற்கு நேரமில்லாதவர்கள் இந்த மரத்தை வைக்க வேண்டாம் என்று நேராகவே சொல்லிவிடுகிறேன். தண்ணீர் ஊற்றும் நேரத்தைத்தான் இது மிச்சப்படுத்தும், கூட்டும் நேரத்தைக் கேட்கும். கூட்டிய இலையை எரிக்காதீர்கள். நசுக்கி அடிமரத்தைச் சுற்றி, அடிமரத்தைத் தொடாமல், பரப்பினால் ஈரம் காக்கும். நசுங்கிய இலையில் தண்ணீரும் தேங்காது.

நல்ல சிவப்பு இலைகளைத் தனியாக எடுத்து வையுங்கள். பையன்கள் சண்டை மீன் வளர்க்கிறார்களே, அந்த மீன் கடைகளில் 'டாவுன் கெத்தாப்பாங்' என்று இதைத்தான் பொட்டலம் கட்டி விற்கிறார்கள். இலையில் உள்ள துவர்ப்புச் சத்து தண்ணீரைத் தேநீர் நிறமாக்கும், கொஞ்சம் அமிலத்தன்மையும் கொடுக்கும். அந்த மீன் இயல்பாக வாழும் சதுப்பு நீரும் அப்படித்தான் இருக்கும். மருந்து தெளிக்காத மரத்து இலையைக் கழுவிக் காயவைத்து, சின்னத் தொட்டிக்குப் பாதி இலை போடலாம்.

இடைவரிசை டெரஸ் வீட்டுக்காரர்கள் என்மேல் கோபப்பட வேண்டாம். உங்கள் வாசலில் இருக்கும் பத்தடிக்கு இந்த மரம் ஆகாது. தொட்டியில் வைத்தால் வளராது என்று நினைப்பதும் தவறு. வேர் தொட்டியின் அடியைத் துளைத்துக்கொண்டு தரைக்குள் போகும். உங்களுக்குக் கறிவேப்பிலையும் முருங்கையுமே போதும். ஆனால் உங்கள் தாமானில் ஒரு பாடாங் இருக்கும், அதன் ஓரத்தில் நிழலே இல்லாத விளையாட்டுத் திடல் ஒன்றும் இருக்கும். குடியிருப்பாளர் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் அதைப் பற்றிப் பேசலாம். நகராண்மைக் கழகத்துக்குக் கடிதம் எழுதும்போது "கெத்தாப்பாங், பெரிய இலை" என்று தெளிவாக எழுதுங்கள், இல்லாவிட்டால் மடகாஸ்கர் மரம்தான் வரும்.

ஐயா ஆறு கொட்டை போட்டார், நாலு முளைத்தது. ஒன்று முக்கோணத்துக் கோடியில் மேட்டின்மேல் நிற்கிறது. போன வாரம் கேட்டபோது முழங்கால் உயரம் வந்துவிட்டது என்றார். பழைய கன்றை அவரே வெட்டினார், ஆளை விடவில்லை. மீதி மூன்றும் பால் டின்னில் இருக்கின்றன. கிள்ளான் பக்கம் யாரிடமாவது நாற்பதடி இடமும் வாரம் ஒரு முறை கூட்டும் கையும் இருந்தால் எனக்கு எழுதுங்கள், அவரிடம் சொல்கிறேன். டின்னில் அதிக நாள் வைக்க முடியாது.